முதலில் பங்கு இல்லம், பிறகு அச்சகம்

மண்டபத்திற்கு முன்பணம் கட்டி, அழைப்பிதழையும் அச்சிட்ட பின்னரே பங்குத்தந்தையை நாடும் குடும்பங்கள் சுரண்டை வட்டாரத்தில் உண்டு. அன்பார்ந்த பெற்றோரே, இவ்வரிசையை மாற்றுங்கள்.

மணமக்களின் திருமுழுக்குச் சான்றிதழ், அவர்கள் திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்தே வரவேண்டும். மும்பையில் பிறந்த பிள்ளைக்கு இதற்கே வாரங்கள் ஆகலாம். பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துள்ளனவா எனப் பாருங்கள். அடுத்து, திருமணத் தயாரிப்பு வகுப்பு. பின்னர் இருவர் பங்குகளிலும் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பு. தவக்காலத்தைத் தவிர்த்து நாள் குறியுங்கள். திருமணத்திற்குப் பின், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் பதிவும் செய்யுங்கள்.

தடை இருப்பின் வெளிப்படட்டும் என்பதற்கே ஓலை வாசிக்கப்படுகிறது. அப்போது நாளை மாற்றலாம். ஊரெல்லாம் அழைப்பிதழ் சென்றபின் பெண்ணைப் பெற்றோர் அடையும் தலைகுனிவை யார் மாற்ற இயலும்?