காரில் படியும் மரப்பிசின்: அறிந்து அகற்றுவோம்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் அத்திபெலே. வெயிலுக்கு அஞ்சிக் காரை மரநிழலில் நிறுத்துவது எங்கும்போல் இவ்வட்டாரத்திலும் வழக்கமே. மாலையில் திரும்பிவந்து பார்க்கும்போது, கூரையெங்கும் பசைத்துளிகள் படிந்திருக்கும்.

அத்துளிகள் யாவும் பிசின் அல்ல என்பதை முதலில் அறிதல் நன்று. மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, மிகுதியைச் சர்க்கரை நீராக வெளியேற்றுகின்றன. மரத்தடியில் நிற்கும் வண்டிமீது தூறலாக விழுவது பெரும்பாலும் இதுவே. நாள்பட்டால் இதன்மேல் கரும்பூசணம் வளரும். சர்க்கரையாதலால் வெதுவெதுப்பான நீரே இதனைக் கரைத்துவிடும். வேறு மருந்து எதுவும் வேண்டியதில்லை.

வேம்பு, முருங்கை, கருவேலம் ஆகியவற்றின் பிசினும் நீரில் ஊறி இளகக்கூடியது. நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் இட்டுவைத்தால் போதும். ஆல், பலா ஆகியவற்றின் பாலோ நீருக்கு மசியாது. பலாப்பழம் அறுக்குமுன் கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டன்றோ? அதே எண்ணெயைத் துளியின்மேல் தடவிச் சற்று ஊறவிட்டு, மென்துணியால் ஒற்றி எடுக்கலாம். பின்னர், எண்ணெய்ப் பசை போகக் கார் கழுவும் சோப்புநீரால் கழுவ வேண்டும். எண்ணெய்க்கும் இளகாத பிசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஏற்றது. அதனைத் துணியில் சில துளிகளே நனைத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் முதலில் சோதித்த பின்னரே பயன்படுத்துக. துடைத்த இடத்தை உடனே நீரால் கழுவி, மெழுகு பூசுதல் நலம்.

எதைச் செய்வதாயினும், வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பின், தூசியை நீரால் கழுவிவிட்டே தொடங்க வேண்டும். வண்ணத்தைக் காக்கும் நிறமற்ற மேற்பூச்சு தலைமயிரின் பருமன்கூட இல்லாதது. தூசியோடு தேய்த்தால் பிசினைவிடத் தூசியே மிகுதியாகக் கீறும். தேங்காய் நார், பிளேடு, தின்னர், பெட்ரோல் ஆகியவற்றை வண்ணத்தகட்டின் அருகே கொண்டுசெல்லவே கூடாது. முகப்பு விளக்கின் உறை பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. அதற்கும் தின்னர் ஆகாது. நனைத்த கண்ணாடியில் மட்டும் பிளேடைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டலாம். இருக்கைத் துணியில் ஒட்டியதைப் பனிக்கட்டியால் இறுகச் செய்து பெயர்த்தெடுப்பது எளிது.

தாமதம்தான் இதில் கேடு. வெயிலில் காய்ந்து இறுகும் துளி, மேற்பூச்சையும் பற்றிக்கொண்டு நிலையான தழும்பை விட்டுச்செல்கிறது. வாகனக் காப்பீடு விபத்துச் சேதத்தை ஏற்பது. நாட்பட்ட தேய்மானத்தை ஏற்பதில்லை. எனவே மறுபூச்சின் செலவு பெரும்பாலும் உரிமையாளரையே சாரும். கடன் தவணை முடியுமுன்பே வண்டியை விற்க நேர்ந்தால், வாங்குபவர் விலையைக் குறைக்கக் காட்டும் முதற் காரணமும் அத்தழும்பாகவே இருக்கக்கூடும்.