மீந்த கிரில் சிக்கன்: மதிப்பு 131 ரூபாயா, 540 ரூபாயா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு முழு கிரில் சிக்கன் வாங்குறீங்க. வீட்டுல நாலு பேர். எல்லாரும் சாப்பிட்டும் ஒரு லெக் பீஸ், கொஞ்சம் நெஞ்சுக்கறி, எலும்புக்கூடு மீந்துடுது. டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுடறீங்க. திங்கட்கிழமை ஆபீஸ் முடிஞ்சு வர 8 மணி ஆயிடுது. அலுப்புல மறுபடி ஆர்டர். அடுத்த சனிக்கிழமை ஃப்ரிட்ஜ் துடைக்கும்போது அந்த டப்பா அப்படியே குப்பைக்குப் போகுது.

கம்பெனி கணக்குல இதுக்குப் பேரு ஸ்டாக் ரைட் ஆஃப். சரி, நீங்க தூக்கிப் போட்டது எவ்வளவு ரூபாய்?

முதல் கணக்கு: அடக்கவிலை

ஒரு உதாரணம் எடுத்துப்போம். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கலாம். சிக்கன் ரூ.500, 5% ஜிஎஸ்டி ரூ.25, மொத்தம் ரூ.525. மீந்தது கால் பங்கு, அதாவது சுமார் ரூ.131. "போனா போகுது"னு நாம விட்டுடறதுக்குக் காரணமே இந்தச் சின்ன நம்பர்தான்.

ஆனா அந்த ரூ.131 ஞாயிற்றுக்கிழமையே செலவான காசு. சாப்பிட்டாலும் கொட்டினாலும் திரும்பி வராது. இதைத்தான் சங்க் காஸ்ட்னு சொல்வோம். அதனால கேட்க வேண்டிய கேள்வி வேற: இந்த டப்பா இன்னைக்கு ராத்திரி எந்தச் செலவைத் தடுக்கும்?

ரெண்டாவது கணக்கு: தவிர்த்த செலவு

ஆர்டர் பண்ணினா: கொத்து பரோட்டா 4 × ரூ.150 = ரூ.600. ஜிஎஸ்டி ரூ.30. டெலிவரி, பேக்கிங் எல்லாம் ரூ.60. மொத்தம் ரூ.690.

வீட்டுல செஞ்சா: தெருமுனைக் கடைல பரோட்டா 6 × ரூ.15 = ரூ.90. முட்டை 4, ரூ.28. வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், எண்ணெய் ரூ.32. மொத்தம் ரூ.150.

வித்தியாசம் ரூ.540. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற டப்பாவோட உண்மையான மதிப்பு இதுதான்.

ஒரு எச்சரிக்கை. நீங்க எப்படியும் ரசம் சாதம்தான் சாப்பிட்டிருப்பீங்கன்னா இந்த ரூ.540 மிச்சமே இல்லை. ஆர்டர் நின்னாதான் மிச்சம். அதே மாதிரி, மீந்த சிக்கனைத் தீர்க்கறதுக்காக ரூ.250-க்கு சீஸும் சாஸும் வாங்கினா, மிச்சத்துல பாதி அங்கேயே போயிடும்.

ஒரு சிக்கன், இன்னும் மூணு வேளை

ராத்திரியே கறியை எலும்புல இருந்து பிச்சு வெச்சுடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான். திங்கட்கிழமை அலுப்பை ஜெயிக்கிறது இந்த அஞ்சு நிமிஷம்தான்.

1. கொத்து பரோட்டா: வெங்காயம், தக்காளி வதங்கினதும் முட்டை, பிச்சுப்போட்ட பரோட்டா. சிக்கனைக் கடைசியா போடுங்க. ஏற்கெனவே வெந்த கறி, ரொம்ப நேரம் வதக்கினா நாரா ஆயிடும். மசாலாவுல உப்பு இருக்கு, அதனால வழக்கமா போடறதுல பாதி உப்பு போதும்.

2. எலும்பு சூப்: வாய் வெச்ச எலும்பு வேண்டாம். முதுகு, நெஞ்சு எலும்பை மட்டும் எடுத்து மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு குக்கர்ல அஞ்சாறு விசில். வடிகட்டினா சூப். சாதத்துல ஊத்தினா ரசம் மாதிரியே இறங்கும்.

3. டிபன் பாக்ஸ் ரோல்: ஒரு கைப்பிடி கறி எடுத்து வெச்சிருந்தா செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு ரெடி. சூடாக்கின கறியோட வெங்காயம், எலுமிச்சைச் சாறு சேர்த்து சப்பாத்தில சுருட்டுங்க.

எதைக் கொட்டியே ஆகணும்?

சமைச்ச கறி வெளியில 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினா 1 மணி நேரம்தான். டெலிவரி வந்த நேரத்தையும் சேர்த்து எண்ணுங்க. ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குள்ள இருந்தா 3, 4 நாள் தாங்கும். எடுக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்து, ஆவி பறக்கற அளவுக்குச் சூடாக்குங்க. மிச்ச மயோனைஸை வெக்கவே வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத் தடையே போட்டுச்சு.

ராத்திரி முழுக்க மேஜைல கிடந்துச்சா? யோசிக்காம கொட்டிடுங்க. "525 ரூபா கொடுத்தோமே"னு சாப்பிடறதுதான் சங்க் காஸ்ட் பொறி. வயித்துக்கு ஆகலைன்னா டாக்டர் ஃபீஸ், மருந்து, ஒரு நாள் லீவு எல்லாம் புதுச் செலவு.

மிச்சம் எங்க போகுது?

மாசத்துக்கு ரெண்டு தடவை செஞ்சாலே ரூ.1,080. வருஷத்துக்கு ரூ.12,960. ஆனா சேலரி அக்கவுண்ட்லயே கிடந்தா, அது வேற ஏதோ ஒரு ஆர்டரா மாறிடும். கொத்து பரோட்டா சாப்பிட்டுக் கை கழுவின கையோட ரூ.540-ஐ அவசரகால நிதிக்கு மாத்திடுங்க.

அப்புறம் டப்பா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி தேதி எழுதுங்க. திங்கட்கிழமை கிளம்பும்போதே "இன்னைக்கு வீட்டுல கொத்து"ன்னு ஃபேமிலி குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க. வீட்டுக்கு வர்ற வழியில பரோட்டா வாங்கிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் ஆப்பைத் திறக்க மாட்டீங்க.