தேய்வது கழல வேண்டும்

ஒரு லேப்டாப்பை வடிவமைத்தவர்களின் யோசனை எதுவரை போயிருக்கிறது என்பது, பழுதுபார்ப்பவரின் மேசையில் அதைத் திறக்கும்போது தெரிந்துவிடும். ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த பட்டர்ஃபிளை கீபோர்டையே எடுத்துக்கொள்வோம். விசைக்கடியில் இருந்த பழைய கத்தரி வடிவ அமைப்பைவிட 40 சதவீதம் மெலிந்தது என்று அறிமுகப்படுத்தினார்கள். எந்த மூலையில் தட்டினாலும் விசை ஆடாமல் சமமாக இறங்கும்; அந்த அளவில் நல்ல வேலைதான். ஆனால், விசை இறங்க இருந்த இடம் அரை மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள் தூசு புகுந்தால் எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் மாற்ற வேண்டும். 2016 மேக்புக் ப்ரோவில் அந்தக் கீபோர்டை மேல்மூடியோடு ரிவெட் அடித்திருந்தார்கள். அதே மூடியின் உட்புறம் பேட்டரியைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். ஒரு விசை மக்கர் செய்ததற்காகக் கீபோர்டு, பேட்டரி, அலுமினிய மூடி எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவந்தது. நிறுவனம் 2018இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. 2019 இறுதியில் 16 அங்குல மாடலில் கத்தரி அமைப்புக்கே திரும்பியது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை 2022இல் 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

விசை கெட்டது பெரிய குற்றம் அல்ல. கெடக்கூடிய பாகத்தைத் தனியே கழற்ற வழி வைக்காததுதான் குற்றம். யூசர் எக்ஸ்பீரியன்ஸ் துறையினர் திரையில் ஒரு பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் பேட்டரி உப்பும்போது அந்த லேப்டாப்பைப் பயன்படுத்துகிறவர் என்ன செய்வார் என்பதும் அந்த அனுபவத்தில் சேர்ந்ததுதானே? எத்தனை பேர் லேப்டாப்பைத் தாங்களே திறக்கப்போகிறார்கள் என்று கேட்பார்கள். திறக்கமாட்டார்கள்தான்; ஆனால் ரிச்சி தெருவின் பழுதுபார்ப்புக் கடையில் திறக்கிறவருக்கு ஆகும் நேரமும், அவர் வாங்கிப்போடும் பாகத்தின் விலையும் இவர்கள் பில்லில்தான் வந்து நிற்கும். மெல்லிசாக வேண்டுமென்றால் பசை போட்டே ஆகவேண்டும் என்பது இன்னொரு வாதம். 2021இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப்பைப் பார்த்த பிறகும் அதைச் சொல்ல முடியாது. தடிமன் 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை 1.3 கிலோ, முந்தைய ஆண்டின் மேக்புக் ஏரும் ஏறக்குறைய அதே கணக்குதான். அடிப்பக்கம் ஐந்தே ஸ்க்ரூ, முழுக்கத் தளர்த்தினாலும் மூடியை விட்டுக் கீழே விழாதவை. மேசைக்கடியில் ஸ்க்ரூ தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். திருப்புளி பெட்டியிலேயே வருகிறது. உள்ளே பாகங்களில் க்யூஆர் குறி இருக்கிறது. ஸ்கேன் செய்தால் மாற்றும் முறையைப் படிக்கலாம்.

எல்லாமே கழல வேண்டும் என்பதல்ல வாதம். போர்டிலேயே சால்டர் செய்த மெமரிக்கு வேகம் உண்டு. 2025இல் அறிவித்த டெஸ்க்டாப்பில் ஃபிரேம்வொர்க்கே அப்படித்தான் செய்தது. மெமரி தேய்வது இல்லை. பேட்டரி, கீபோர்டு, ஃபேன், சார்ஜிங் போர்ட், கீல் எல்லாம் தேயும். இவற்றுக்கு விலக்குக் கேட்க எந்த நிறுவனத்துக்கும் நியாயம் இல்லை. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் லேப்டாப்புக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும்: கழற்றுவது எளிதா, கையேடு கிடைக்கிறதா, உதிரிபாகம் என்ன விலை என்று பார்த்து 10க்கு இத்தனை. நம் கடைகளில் விலை அட்டையில் பிராசஸர், ராம், எஸ்எஸ்டி எல்லாம் இருக்கின்றன. பேட்டரி மாற்ற என்ன செலவாகும், உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற இரண்டு வரிகளையும் அதில் அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.