புளிச்ச தீனி போட்டா முட்டை வருமா?



தாம்பரம் 2021-ஆம் ஆண்டு மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் அகரம்தென், முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் விடியற்காலையில் நடந்து பாருங்கள், சேவல் கூவுற சத்தம் கேட்காத தெரு கிடையாது. நம்ம வகுப்பிலேயே பாதிப் பேர் வீட்டில் கோழி இருக்கு.

இப்போ எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. "தீனியைப் புளிக்க வெச்சுக் கொடு, கோழி முட்டையா கொட்டும்" என்கிறார்கள். நிறைய பேர் செய்து பார்க்கிறார்கள். ரெண்டு வாரம் ஆகிறது, முட்டையைக் காணோம். உடனே "இது மலட்டுக் கோழி, அடிச்சிடு" என்று முடிவு கட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் முட்டை போட வேண்டிய கோழி குழம்பாகி விடுகிறது. அதனால் புளிச்ச தீனி எதைச் செய்யும், எதைச் செய்யாது, முட்டைக்கு எத்தனை நாள் காத்திருக்கணும் என்று இந்தக் கட்டுரையில் விளக்குகிறேன்.

புளிக்கிறது என்றால் என்ன?

இட்லி மாவு ராத்திரி பொங்குதே, பால் தயிராகுதே, ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ் புளிக்குதே, எல்லாத்துக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான். அவை மாவிலும் பாலிலும் உள்ள சர்க்கரைப் பொருளைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம்தான் புளிப்பு. புளிப்பு ஏறினால் கெட்ட கிருமிகள் பலவும் அதில் வளர முடியாது. நாம் கூழ் குடித்தால் வயிறு குளிர்ச்சியாக இருக்கு என்கிறோம். கோழித் தீனியிலும் நடப்பது அதே புளிப்புதான்.

செய்முறை (மேய்ச்சலுக்குப் போகும் 4 கோழிக்கு, ஒரு நாளைக்கு)

நொய் 1 டம்ளர், தவிடு அரை டம்ளர், உடைச்ச கம்பு அல்லது மக்காச்சோளம் அரை டம்ளர், தூளாக்கிய கடலைப் புண்ணாக்கு ஒரு கைப்பிடி. எல்லாத்தையும் மண் சட்டியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு, தீனிக்கு மேல் ரெண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றணும். உப்புப் போடாத பழைய சோற்றுத் தண்ணி ஒரு கரண்டி சேர்க்கணும். துணியால் மூடி நிழலில் வைத்து, காலையும் சாயங்காலமும் கிளறி விடணும். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாள் போதும். குளிர் மாசத்தில் ரெண்டு நாள் ஆகும்.

மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டுத் தீனியைக் கொடுக்கலாம். ஒரு கரண்டி மட்டும் எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கு உறை. தட்டில் மீந்ததை அன்றைக்கே கழுவி விடணும், இல்லாவிட்டால் ஈ மொய்க்கும்.

மோர் மாதிரி புளிப்பு வாசனை வந்தால் நல்லது. அழுகின நாற்றம் அடித்தாலோ, பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பூத்தாலோ மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்து விடணும். மேலாக எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கக் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை: பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைப் புளிக்க வைத்துச் சரிப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே புரியவில்லை. கடைசியில் தீனியில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய விஷம் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் அஃப்ளாடாக்சின். வேக வைத்தாலும் அந்த விஷம் போகாது.

புளிச்ச தீனியால் என்ன லாபம்?

தானியத்தின் தோலில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அது பாஸ்பரஸ் போன்ற தாது உப்புகளைப் பூட்டி வைத்திருக்கும். ஊறிப் புளிக்கும்போது அந்தப் பூட்டு கொஞ்சம் திறக்கும், கோழிக்குச் சத்து சேரும். தானியம் மெத்துன்னு ஆவதால் சுலபமாகச் செரிக்கும். ஈரமாக இருப்பதால் கோழி காலால் கிளறி இறைப்பதும் குறையும். ஆகவே தீனிச் செலவு கொஞ்சம் மிச்சமாகும்.

ஆனால் இல்லாத சத்தைப் புளிப்பு உண்டாக்காது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாட்டுக்கோழி முட்டை சுமார் 40 கிராம் எடை. அதில் சுமார் 5 கிராம் புரதம் இருக்கு. 50 கிராம் நொய்யில் இருப்பதோ சுமார் 4 கிராம் புரதம்தான். அதில்தான் கோழி தன் உடம்பையும் பார்த்துக்கணும், சிறகும் வளர்க்கணும், முட்டையும் போடணும் என்றால் எப்படி முடியும்? நொய்யை எத்தனை நாள் புளிக்க வைத்தாலும் நொய் நொய்தான். அதனால்தான் புண்ணாக்கு சேர்க்கிறோம். அசோலா, முருங்கைக் கீரை, கருவாட்டுத் தூள் இவையும் கொடுக்கலாம். ஒரு பழைய பானையில் ஈரச் சாணியும் வைக்கோலும் அடைத்துக் கரையான் உள்ள இடத்தில் ராத்திரி கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறைய கரையான் ஏறியிருக்கும். எங்க ஆயா இப்படித்தான் குஞ்சுகளுக்குக் கொடுப்பாங்க. செலவே இல்லாத புரதம்.

உங்களுக்குத் தெரியுமா?

வைட்டமின் என்ற ஒன்று இருப்பது தெரிய வந்ததில் கோழிக்கும் பங்கு உண்டு! 1890-களில் ஜாவா தீவில் பெரிபெரி நோயால் மக்களுக்குக் கால் மரத்துப் போய் நடக்க முடியாமல் ஆனது. அங்கே ஆராய்ச்சி செய்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் வளர்த்த கோழிகளுக்கும் அதே மாதிரி கால் தள்ளாடியது. பிறகு தானாகவே சரியாகி விட்டது. காரணம் தேடினால், ஆஸ்பத்திரி சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றை அதுவரை கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால் தீட்டாத அரிசி போட்டார்கள், கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் உள்ள சத்து (வைட்டமின் பி1) தான் காப்பாற்றியது என்பது பின்னால் தெரிந்தது. ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வெறும் சோறு மட்டும் போடாதீர்கள், தவிடு சேருங்கள்.

ஒரு முட்டை உருவாக எவ்வளவு நேரம்?

கோழியின் வயிற்றில் மஞ்சள் கரு முதலில் கடுகு மாதிரி இருக்கும். கடைசி 10 நாளில்தான் வேகமாகப் பெரிதாகும். முழு அளவு வந்ததும் கழன்று முட்டைக் குழாயில் விழும். அங்கே சுமார் 3 மணி நேரத்தில் வெள்ளைக் கரு சுற்றிக் கொள்ளும். அதற்கு அப்புறம் மெல்லிய தோல் படரும். கடைசியாக ஓடு கட்டுவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம். மொத்தம் 24 முதல் 26 மணி நேரம். அதனால் ஒரு கோழி ஒரு நாளைக்கு ஒரு முட்டைக்கு மேல் போடுவது மிக அபூர்வம்.

ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புச் சத்து. தீனியில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு கட்டும். எலும்பு பலவீனமாகும், தோல்முட்டை போடும். கிளிஞ்சலை இடித்தோ, முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்தோ தனியாக ஒரு கொட்டாங்கச்சியில் வைத்து விடுங்கள். தேவைப்படும் கோழி தானாக வந்து கொத்தும்.

நாள் கணக்கு

வயசு: சத்துணவு முட்டை போடும் வெள்ளை லெகார்ன் பண்ணைக் கோழி 5 மாசத்தில் ஆரம்பித்து வருஷத்துக்கு 300 முட்டை வரை போடும். நம்ம நாட்டுக்கோழி 6 அல்லது 7 மாசத்தில்தான் ஆரம்பிக்கும், வருஷத்துக்கு 60 முதல் 80 வரை போடும். தை மாசம் பொரித்த பெட்டைக் குஞ்சுக்கு ஆடி மாசம்தான் 6 மாசம் முடிகிறது. நாமோ ஆடி கூழுக்கு அதைத்தான் முதலில் பிடிக்கிறோம்!

வெளிச்சம்: கோழி முட்டை போட நீண்ட பகல் வேணும். பண்ணைகளில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் வரை வெளிச்சம் கொடுக்கிறார்கள். சென்னைப் பக்கம் ஜூனில் பகல் சுமார் 13 மணி நேரம், டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். மார்கழியில் முட்டை குறைந்தால் தீனியைத் திட்டாதீர்கள். விடிந்ததும் கூண்டைத் திறந்து விடுங்கள்.

அடை: நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, பிறகு ரெண்டு மாசம் போலக் குஞ்சு மேய்க்கும். அந்தச் சமயத்தில் முட்டை வராது.

சிறகு உதிர்தல்: வருஷத்துக்கு ஒரு தடவை பழைய சிறகு உதிர்ந்து புதுசு முளைக்கும். அப்போது சில வாரம் முட்டை நிற்கும். நோய் என்று பயப்படத் தேவையில்லை.

ஆனால் கோழி வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு, தூங்கி வழிந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்குப் புளிச்ச தீனி மருந்து கிடையாது. முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வதுதான் வழி.

விரல் கணக்கு

அறுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. கோழியின் வாலுக்குக் கீழே, முட்டை வரும் வழிக்கு ரெண்டு பக்கமும் கூரான சின்ன எலும்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாள் ஆகலை, அல்லது இப்போது முட்டை நின்றிருக்கு. ரெண்டு விரலோ அதற்கு மேலோ நுழைந்தால் முட்டை போட்டுக்கொண்டு இருக்கு, அல்லது சீக்கிரம் போடும். கூடவே கொண்டை சிவக்கும், மூலை முடுக்கெல்லாம் இடம் தேடும், முதுகைத் தொட்டால் பம்மி உட்காரும்.

எங்க வீட்டில் தையில் பொரித்த வெடக்கோழி ஒன்று இருக்கு. ஆனி மாசமே ஆயா, "தின்னுது தின்னுது, ஒரு முட்டையக் காணோம். ஆடி கூழுக்கு ஆகட்டும்" என்று சொல்லிட்டாங்க. எங்க வீட்டில் முட்டை விற்ற காசில்தான் எனக்கு நோட்டும் தம்பிக்கு ஜாமெட்ரி பாக்ஸும் வாங்குறோம். நான் சுவரில் கரியால் மாசக் கணக்கு எழுதிக் காட்டினேன். அம்மா விரல் வைத்துப் பார்த்தாங்க. ஒரு விரல். "இன்னும் வயசே வரலையே அத்தை" என்றாங்க அம்மா. ஆயா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, ஆவணி முடியிற வரைக்கும் பாப்போம். அப்புறம் என்னை யாரும் கேக்கக் கூடாது" என்றாங்க. கூழுக்குச் சேவல் போனது. இது ஆடி மூணாவது வாரம். கொண்டை சிவந்திருக்கு, ரெண்டு விரல் நுழையுது. முட்டை இன்னும் வரலை. தினமும் காலையில் கூடையை முதலில் போய்ப் பார்ப்பது இப்போ ஆயாதான்!

இதைப் பற்றி நிறைய தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் காட்டாங்கொளத்தூர் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நாட்டுக்கோழி வளர்ப்புக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். நம் அம்மாக்களை அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

நண்பர்களே, உங்க வீட்டில் குஞ்சு பொரித்தால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து 7 மாசம் தள்ளி இன்னொரு வட்டம் போடுங்கள். அதுவரைக்கும் அந்தக் கோழி மேல் யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி விடுங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி