வேப்பெண்ணெய்: எதுவரை கைமருந்து, எங்கே ஆபத்து?

மேட்டூர் அணை திறந்து அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தாராசுரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் நடவு வேலை சூடுபிடித்துவிடும். காலையில் சேற்றில் இறங்கும் பெண்கள் கரையேறப் பிற்பகலாகிவிடும். அத்தனை நேரம் ஊறிய கால் விரலிடுக்குகளில் தோல் வெளுத்து, உப்பி, உரிந்து, அரிப்பும் எரிச்சலும் எடுக்கும். இதுதான் சேற்றுப்புண். இதற்கு வீட்டில் முதலில் தேடுவது வேப்பெண்ணெய்க் குப்பியைத்தான். முதியவரின் கால் வெடிப்புக்கும் பிள்ளையின் தலைப்பேனுக்கும் அதே குப்பிதான் இறங்கும்.

தலைமுறை தலைமுறையாக வந்த இந்தக் கைமருந்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதை எதற்குத் தடவலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும், விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் யாரிடம் முறையிடலாம் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தோலுக்கு என்ன செய்கிறது?

வேப்பங்கொட்டையின் பருப்பை ஆட்டி எடுக்கும் எண்ணெயில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள்தான். அவை தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் காக்கின்றன. வறண்ட தோலும் குதிகால் வெடிப்பும் இளகுவது இதனால்தான். கசப்புக்குக் காரணமான நிம்பின், நிம்பிடின் போன்ற பொருள்களை 1942-இல் வேதியியலாளர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி பிரித்தெடுத்தார்.

வேப்பெண்ணெய் பூஞ்சையை அடக்கும் என்பது நம் உழவர்களுக்குப் பழைய செய்தி. அப்படியிருந்தும், அதைக் கொண்டு பயிர்ப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடியதில் 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. மக்களின் பட்டறிவுக்குக் கிடைத்த வெற்றி அது. அந்தப் பட்டறிவைச் சரியாகப் பயன்படுத்துவது நம் பொறுப்பு.

வயலில் இறங்கும் முன் உலர்ந்த காலில், விரலிடுக்குவரை எண்ணெய் தடவிக்கொண்டால் சேற்றுத் தண்ணீர் தோலில் ஊறுவது குறையும். வேப்பெண்ணெயைத் தனியாகத் தடவாமல், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து தடவுவது நல்லது. கரையேறியதும் கால் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தின் மேல் எண்ணெய் தடவினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் புண் பெரிதாகும். புதிதாகத் தடவுபவர்கள் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்க்கட்டும். சிவந்தாலோ தடித்தாலோ அந்த எண்ணெய் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. திறந்த புண்ணிலும் கண்ணைச் சுற்றியும் தடவவே கூடாது.

புண்ணில் சீழ் வைத்தாலும், கால் வீங்கினாலும், நீரிழிவு இருப்பவருக்குக் காலில் சிறு கீறல் விழுந்தாலும் எண்ணெயோடு நின்றுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி வயல் தண்ணீரிலிருந்து வெடித்த தோல் வழியாகவும் உடலுக்குள் நுழைகிறது. நடவு நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், சேற்றில் வேலை பார்த்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குழந்தையின் வாயில் ஊற்றாதீர்கள்

சளிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் பச்சிளம் குழந்தைக்குச் சங்கில் வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. அது உயிருக்கே உலை வைக்கும். மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட 13 குழந்தைகளுக்கு நேர்ந்ததை 1981-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. எண்ணெய் உள்ளே போன சில மணி நேரத்திலேயே வாந்தி, மயக்கம், ரத்தத்தில் அமிலம் கூடுதல், மூளை பாதிப்பு என்று நிலைமை மோசமானது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெயி நோய்க்குறி போன்ற பாதிப்பு அது.

மூக்கில் விடுவதும் ஆபத்துதான். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

உரக்கடைக் குப்பி வேறு

டெல்டா வீடுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பயிருக்குத் தெளிக்க உரக்கடையில் வாங்கும் வேப்ப மருந்தும் அதே கசப்பு வாடைதான் அடிக்கும். ஆனால் அதில் தண்ணீரோடு கலக்க உதவும் ரசாயனங்களும் கரைப்பான்களும் சேர்ந்திருக்கும். லேபிளில் வண்ணச் சதுரக் குறியும் 'அசாடிராக்டின்' என்ற சொல்லும் இருந்தால் அது பூச்சிக்கொல்லி. அதைத் தோலில் தடவக் கூடாது. தலைப்பேனுக்குத் தேய்க்கவும் கூடாது. வீட்டு எண்ணெய் இருக்கும் அலமாரியில் அதை வைக்காதீர்கள்.

எண்ணெய்க்குப் பின்னால் ஒளியும் நோய்கள்

தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பை உண்டு வளர்வது. அதன் மேல் தேங்காய் எண்ணெயை நாள்தோறும் தேய்த்தால் தேமல் பரவவே செய்யும்.

இதைவிடக் கவலைக்குரியது உணர்ச்சியற்ற வெளிர்ந்த படை. தொட்டால், கிள்ளினால் தெரியாத படை தொழுநோயாக இருக்கலாம். முன்பு அதற்கும் ஒரு தாவர எண்ணெய்தான் மருந்தாக இருந்தது. நீரடிமுத்து இனத்து மரங்களின் எண்ணெயை ஊசி வழியே செலுத்தும்படி மாற்றியவர் ஹவாயில் பணியாற்றிய இளம் வேதியியலாளர் ஆலிஸ் பால். 1940-களில் வந்த டாப்சோன் மருந்தும், 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையும் அந்த எண்ணெயின் காலத்தை முடித்துவைத்தன. இன்று 6 அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையிலேயே தொழுநோய் மருத்துவமனை உண்டு. எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்பு கெடும்; கெட்ட நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை.

நோய் வந்தவரை ஒதுக்கிவைக்க யாருக்கும் உரிமையில்லை. தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாதபடி 2019-இல் தனிநபர் சட்டங்களும் திருத்தப்பட்டன.

வாங்குபவரின் உரிமை

'வெண்புள்ளி போகும்', 'ஒரே வாரத்தில் தொழுநோய் தீரும்' என்று எண்ணெய் விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். வெண்புள்ளி, தொழுநோய், புற்றுநோய், நீரிழிவு போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 6 மாதம்வரை சிறை கிடைக்கலாம்.

மருந்தென்று விற்கும் எண்ணெய்க்கு உரிமம் வேண்டும். குப்பியில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

- தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும்
- உரிமம் எண், தொகுதி எண்
- சேர்மானங்களின் பட்டியல்
- தயாரித்த நாள், காலாவதி நாள்
- நிகர அளவு, அதிகபட்ச விலை

இவை இல்லாத குப்பியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். செக்கில் ஆட்டி வாங்குபவர்கள் பூசணம் பிடித்த கொட்டையைச் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்கு காயாத கொட்டையில் நச்சுப் பூஞ்சை வளரும்.

பாதிக்கப்பட்டால் என்ன செய்வது?

தோல் வெந்தாலோ கொப்புளம் எழுந்தாலோ உடனே தடவுவதை நிறுத்தி, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, மருத்துவரைப் பாருங்கள். மீதி எண்ணெய், குப்பி, ரசீது, விளம்பரத் துண்டு, மருத்துவச் சீட்டு அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். பாதிப்பைப் படமும் எடுத்துவையுங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தரலாம். இழப்பீடு வேண்டுமானால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருள் எங்கே வாங்கியதாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தவறான விளம்பரம் செய்த நிறுவனத்துக்கும், அதில் தோன்றிப் பரிந்துரைத்த பிரபலத்துக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம்.

நூறு ரூபாய்க் குப்பிக்கு யார் அலைவது என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் கொடுக்கும் ஒரு புகார், அதே குப்பியை நாளை வாங்கவிருக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றும்.