வினாகிரியும் செறிந்த அசற்றிக்கமிலமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் மிளகாய், வெங்காயம், பீற்றூட் முதலியன ஒரே பருவத்தில் மிகுதியாக விளையும்போது விலை வீழ்ச்சியுறுவதும், விற்காதவை அழுகி வீணாவதும் கமக்காரர் அறிந்ததே. இவற்றின் ஒரு பகுதியையேனும் வினாகிரியிலிட்டு அச்சாறாகப் பேணிவைக்கலாம்.

வினாகிரிக்குப் புளிப்பைக் கொடுப்பது அசற்றிக்கமிலமாகும். தென்னங்கள்ளிலுள்ள மதுசாரத்தை ஒருவகைப் பற்றீரியாக்கள் காற்றின் உதவியால் இவ்வமிலமாக மாற்றுகின்றன. கொப்பறா செய்யுமிடங்களில் வீணே கொட்டப்படும் தேங்காய்நீரிலிருந்தும் வினாகிரி பெறலாம்; அந்நீரில் வெல்லச்சத்துக் குறைவாதலால் சீனி சேர்த்து, மதுவமிட்டு நொதிக்கச் செய்தபின்னரே புளிக்கவிடல் வேண்டும்.

நல்ல வினாகிரியில் அமிலம் நூற்றுக்கு 4 பங்கிற்குக் குறையாதிருக்கும். அவ்வமிலம் நுண்ணுயிர்களின் உடலினுட் புகுந்து அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. ஆனால் மரக்கறியிலிருந்து ஊறும் நீர் வினாகிரியின் செறிவைக் குறைத்துவிடும். இதனால் அச்சாறு கெடக்கூடும். ஆகவே நறுக்கிய மரக்கறிக்கு உப்பிட்டு ஓரிரவு வைத்து, கசிந்த நீரை வடித்தபின் வினாகிரி ஊற்றுக. பீற்றூட்டை அவித்து நீரை வடித்தாற் போதும். துண்டுகள் யாவும் வினாகிரியினுள் அமிழ்ந்திருத்தல் அவசியம். மேலே வெண்படலம் தோன்றின், அது அமிலத்தையே உண்டு செறிவைக் குறைக்கும். படலத்தை மட்டும் அகப்பையால் அள்ளியெறிந்துவிட்டு எஞ்சியதை உண்ணுதல் தகாது. புளிப்புக் குறைந்து பீ.எச். அளவு 4.6 இற்கு மேற்பட்டால், காற்றுப்புகாத போத்தலினுள் கொடிய நஞ்சை உண்டாக்கும் பற்றீரியாவும் வளரக்கூடும். அந்நஞ்சை மணத்தாலோ சுவையாலோ அறிதல் இயலாது.

செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் ஆகா. அமிலம் செம்பைக் கரைத்து நச்சுப்பொருள்களை உண்டாக்கும். கண்ணாடிப் போத்தலே ஏற்றது.

செறிந்த அசற்றிக்கமிலத்தை வினாகிரியென எண்ணுதல் பெருந்தவறு. நூற்றுக்கு 99 பங்கிற்கு மேல் அமிலமுள்ள அது, 16.6 பாகை சென்ரிகிரேட்டிற்குக் கீழ்ப் பனிக்கட்டிபோல் உறையும். கற்பிட்டியின் வெப்பத்திலோ தண்ணீர்போலவே தோன்றும். தோலிற் பட்டாற் புண்ணாகும். கண்ணிற் பட்டாற் பார்வை கெடலாம். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. வீட்டு அச்சாற்றுக்கு அதனை வாங்குதல் வேண்டியதில்லை. வேறு தேவைக்கு வைத்திருப்போர் சோடாப் போத்தலில் ஊற்றிவைத்தல் ஒருபோதும் ஆகாது.

தவறிப் பட்டுவிடின், பட்ட இடத்தை ஓடும் நீரில் 20 நிமிடமேனும் கழுவுக. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. வெளிவரும் அமிலம் தொண்டையை மீண்டும் சுடும். வாயைக் கொப்புளிக்கச் செய்து, அமிலப் போத்தலையும் உடன்கொண்டு தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.