பொலிஸ் பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வு: தகவல் பெறுவது எப்படி? சந்தேகங்களும் விளக்கங்களும்

கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, பின்னர் கட்டம் கட்டமாக மீள்குடியேறினர். அங்கு பொலிஸ் சேவை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஆராய, நேர்காணல்களுடன் அரச பதிவுகளும் தேவை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் இச்சட்டத்தின் கீழ் தகவல் கோரலாம்.

ஆய்வு மாணவருக்குத் தனி அனுமதி தேவையா?
தேவையில்லை. தகவல் கோரும் உரிமை இலங்கைக் குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. எதற்காகத் தகவல் கேட்கப்படுகிறது என்ற காரணத்தையும் கூற வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர் கேட்கலாமா?
குடியுரிமைதான் அளவுகோல், பல்கலைக்கழகம் எது என்பது பொருட்டல்ல. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் கேட்கலாம். இலங்கைக் குடியுரிமையை இழந்த புலம்பெயர் ஆய்வாளர் இச்சட்டத்தின் கீழ் கோர முடியாது.

யாரிடம், எந்த மொழியில் விண்ணப்பிப்பது?
பொலிஸ் பதிவுகளுக்குப் பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடமும், காணி விவரங்களுக்குத் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். வட மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ் என்பதால் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்து மூல அத்தாட்சியை அலுவலர் வழங்க வேண்டும்.

கேள்வி எப்படி அமைய வேண்டும்?
இடம், காலம், தேவைப்படும் பதிவு ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். உதாரணமாக, "2018 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை காங்கேசன்துறை பொலிஸ் நிலையத்தில் பதிவான காணி எல்லை முறைப்பாடுகளின் எண்ணிக்கை, ஆண்டு வாரியாக" என்று கேட்கலாம். "பொலிஸ் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்பது விளக்கம் கேட்பதாகும், அலுவலகத்தில் உள்ள பதிவைக் கோருவதாகாது.

கட்டணம் எவ்வளவு?
விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதிகளுக்கு மட்டும் கட்டணம் அறவிடப்படலாம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஏ-4 அளவில் ஒரு பக்க ஒளிப்பிரதிக்கு 2 ரூபா. முதல் 4 பக்கங்கள் இலவசம். நிறுவனத்துக்கு ஏற்கெனவே தனிக் கட்டண ஒழுங்கு இருந்தால் அதுவே பொருந்தும்.

எத்தனை நாளில் பதில் வரும்?
தகவலை வழங்குவதா, மறுப்பதா என்பதை 14 வேலை நாள்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். வழங்க முடிவானால், அடுத்த 14 நாள்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும்; கட்டணம் இருந்தால் அதைச் செலுத்திய நாளிலிருந்து 14 நாள்கள் கணக்கிடப்படும். தகவல் மிக அதிகமாக இருந்தாலோ, தொலைவிலுள்ள அலுவலகத்திலிருந்து திரட்ட வேண்டியிருந்தாலோ மேலும் 21 நாள்கள் வரை நீடிக்கலாம்.

எவற்றை மறுக்கலாம்?
தேசிய பாதுகாப்பு, தனிநபர் அந்தரங்கம் ஆகியவற்றைப் பாதிக்கும் தகவல்களை மறுக்கலாம். குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் பாரிய பாதிப்பு ஏற்படுத்துபவையும், தகவல் கொடுத்தவரை வெளிப்படுத்துபவையும் இதில் அடங்கும். ஆனால் மறுக்கத்தக்க பகுதியை நீக்கி எஞ்சியதைத் தர வேண்டும். முறைப்பாட்டாளர் பெயரை நீக்கி எண்ணிக்கையைக் கொடுப்பது அத்தகையது. பாதிப்பை விடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலை மறுக்க முடியாது.

மறுத்தால் அடுத்து என்ன?
14 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் 3 வாரங்களுக்குள் முடிவு கூற வேண்டும். அதிலும் திருப்தி இல்லையெனில் 2 மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம். ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லலாம்.

பழைய பதிவுகள் எவ்வளவு காலம் இருக்கும்?
சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவுகளை, அந்நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதன் பின் உருவான பதிவுகளுக்கு, உருவான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டுகள். முந்தைய பதிவுகளை நம்பி நடக்கும் ஆய்வுக்கு இக்கெடு முக்கியமானது.

ஆய்வின் எந்தக் கட்டத்தில் விண்ணப்பிப்பது நல்லது?
கலாநிதிப் பட்டத்துக்கு முழுநேர ஆய்வாகக் குறைந்தது 3 ஆண்டுகள் தேவை. மறுப்பு, மேன்முறையீடு, ஆணைக்குழு விசாரணை எனச் சென்றால் பல மாதங்கள் கழியும். எனவே முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்து, ஒவ்வொரு கடிதத்தின் திகதியையும் பதிந்து வைத்தால் மேன்முறையீட்டுக் கெடு தவறாது.